சிரித்தவன் குற்றமற்றவனா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என இப்பகுதியெங்கும் எண்ணற்ற குடும்பங்களுக்குச் சோறு போடுவது தோல் தொழில். அத்தொழிலின் வாடையைச் சொல்லியே, பதனிடும் தொழிலாளியின் பிள்ளையருகே இன்னொரு பிள்ளை மூக்கைப் பொத்துவதை நாம் கண்டிருக்கிறோம். ஒருவன் பட்டப்பெயர் சூட்டுகிறான்; இருவர் அதையே திரும்பக் கூவுகின்றனர்; பத்துப்பேர் சிரிக்கின்றனர்; மற்றவர் தலைகுனிந்து நிற்கின்றனர். விசாரணை என்று வந்தால் நாம் தேடுவது முதலாமவனை மட்டுமே. பல வேளைகளில் அதுவுமின்றி, "பிள்ளை விளையாட்டு" என்று முடித்துவிடுகிறோம்.

இது விளையாட்டன்று. பின்லாந்து நாட்டு உளவியலாளர் கிறிஸ்டினா சால்மிவல்லியும் குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு, இக்கொடுமையில் ஆறு பாத்திரங்களைக் காட்டியது: துன்புறுத்துபவர், துணைபோகிறவர், சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்கி நிற்பவர், தடுப்பவர், பலியாகிறவர். இப்பாத்திரங்கள் மணியடித்ததும் கலைவதில்லை. பலியாகும் பிள்ளை மதிய உணவு வரிசையில் தானாகவே பின்னால் நகர்கிறது. ஊக்குவிக்கும் பிள்ளையோ தலைவன் முகம் பார்த்தே சிரிக்கப் பழகுகிறது.

"அடிபட்டுத்தான் பிள்ளை தேறும்" என்போருக்கு நாங்குநேரியை நினைவூட்டுகிறோம். 2023 ஆகஸ்டில், உடன் பயின்றோரின் சாதிக் கொடுமையை ஆசிரியரிடம் முறையிட்ட பட்டியலினப் பிளஸ் டூ மாணவன், வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்க ஓடிவந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். தடுப்பவர் பாத்திரத்தை ஒரு சிறுமி தன் இரத்தத்தால் ஏற்க நேர்ந்ததே! அதற்கு முன்பே வகுப்பறை ஒன்றுபட்டு எழுந்திருந்தால்?

நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. நன்றே. ஆயினும் கயிற்றை அறுக்கும் ஆணை, சிரிப்பை அறுக்காது. பின்லாந்து 2009 முதல் நாடெங்கும் பரப்பிய 'கிவா' திட்டம், வேடிக்கை பார்ப்போரைத் தடுப்போராக்க முயல்கிறது. நம் பள்ளிகளில் ஆசிரியரே பட்டப்பெயர் சொல்லி அழைத்தால் அம்மாற்றம் எங்கிருந்து வரும்?

குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டும் விலகிப்போன இருவரைப் பற்றி ஆண்டுதோறும் மறையுரை ஆற்றுகிறோம். அவ்விருவரும் அவனை அடிக்கவில்லை. அதனால் அவர்களை யாரேனும் நல்லவர் என்றோமா?

இனி, "யார் அடித்தான்?" என்பதோடு நிறுத்தாதிருப்போம். "யார் சிரித்தீர்கள்? யார் தடுத்தீர்கள்?" என்றும் கேட்போம். ஆண்டுவிழாவில் முதல் மதிப்பெண்ணுக்குத் தரும் பரிசை, தடுத்த பிள்ளைக்கும் தருவோம். அதற்கு முன், ஆசிரியர் அறையில் நாம் சிரித்த சிரிப்பை நிறுத்துவோம்.