கதவு 900 என்றால் எந்த 900?

சென்ற மாதம் நண்பர் ஒருவர் அழைத்ததால், ஒப்படைப்புக்குத் தயாராக இருந்த ஒரு பொதுக் கட்டடத்துக்குப் போயிருந்தேன். தரைத்தளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறை. கதவில் நீலப் பலகை, உள்ளே புதுக் கம்பிகள், சுவரெல்லாம் நல்ல டைல். எங்களோடு வந்த பெண்மணி தன் சக்கர நாற்காலியைக் கதவுவரை ஓட்டிவந்து அங்கேயே நின்றுவிட்டார். கதவை முழுக்கத் திறந்து வைத்து டேப்பால் அளந்தேன்: 725 மி.மீ. அவருடைய நாற்காலியின் அகலம் 680. நாற்காலி நுழையும். ஆனால் சக்கரத்தைத் தள்ளும் விரல்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர்தான் மிச்சம். முட்டி நிலையில் உரசிவிடும் என்று சொல்லி அவர் திரும்பிக்கொண்டார்.

ஒப்பந்தக்காரரிடம் கேட்டோம். அவர் ஒப்பந்தக் கோப்பைக் கொண்டுவந்து விரித்தார். அளவுப் பட்டியலில் கதவு ஐட்டம் 900 × 2100 என்றிருந்தது. அவர் போட்டிருந்ததும் அதேதான். நிலையின் வெளியளவு 900. நிலைக்கட்டையின் முகம் பக்கத்துக்கு 75. இரண்டையும் கழித்தால் 750. திறந்த கதவுப் பலகை காடியைத் தாண்டி வழிக்குள் நீட்டிக்கொண்டிருப்பதில் இன்னும் ஒரு 25 போகிறது. மிஞ்சுவது 725. கழிவறையின் விவர வரைபடத்தில் மட்டும் ‘கதவு திறந்த நிலையில் தடையற்ற அகலம் 900’ என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. அது உண்மையாக வேண்டுமானால் நிலையின் வெளியளவு குறைந்தது 1075 இருந்திருக்க வேண்டும்.

பட்டியல் ஒன்று சொல்ல, வரைபடம் வேறொன்று சொன்னால் எது நிற்கும்? மத்திய பொதுப்பணித் துறையின் பொது நிபந்தனைகளில் இதற்கு வரிசை வகுத்திருக்கிறார்கள். முதலில் அளவுப் பட்டியலில் உள்ள ஐட்டத்தின் வாசகம். அடுத்து அந்தப் பணிக்கான சிறப்பு விவரக்குறிப்பும் சிறப்பு நிபந்தனைகளும். மூன்றாவதாகத்தான் வரைபடம். பிறகு துறையின் பொது விவரக்குறிப்பு. கடைசியில் இந்தியத் தரநிலைகள். பல அலுவலகங்களின் ஒப்பந்தங்கள் இதையொட்டியே எழுதப்படுகின்றன. ‘தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி அணுகல் வசதி செய்து தரப்பட வேண்டும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுகிறோமே, அந்த விதித்தொகுப்பு இந்த வரிசையில் எந்தப் படியில் இருக்கிறது என்று பாருங்கள். அன்று அந்த ஒப்பந்தக்காரர் மீது எனக்கு வந்த கோபம் அங்கேயே திசை மாறிவிட்டது. எழுதியது நம்மவர்கள்தான்.

அணுகல் வசதி சட்டத்தில் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 44ஆவது பிரிவு, விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியும், ஒத்துவராத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றும் தரக்கூடாது என்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்க 45ஆவது பிரிவு ஐந்து ஆண்டு கெடு வைத்தது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்துக்கான 2017ஆம் ஆண்டு விதிகளின் 15(1)ஐச் செல்லாது என்று அறிவித்ததன் காரணமும் நம் தொழிலுக்கு நெருக்கமானது. சட்டம் கட்டாயம் என்கிறது; விதியோ பரிந்துரைகளும் ‘செய்யலாம்’களும் நிறைந்த வழிகாட்டு நூல்களைக் கைகாட்டிவிட்டு நின்றுவிட்டது. மீறவே கூடாதவை எவை என்று தனியே பிரித்து எழுதச் சொன்னது நீதிமன்றம். அதே பிரிப்பு வேலையைச் சிறிய அளவில் ஒவ்வொரு டெண்டரிலும் நாம் செய்ய வேண்டியிருக்கிறது. ‘வழிகாட்டு நெறிமுறைகளின்படி’ என்ற சொல்லை வைத்து யாரும் அளக்கவும் முடியாது, பில் போடவும் முடியாது, குறை என்று திருப்பி அனுப்பவும் முடியாது.

என் கருத்து இதுதான்: அணுகல் வசதியின் ஒவ்வொரு அளவும் அளவுப் பட்டியலின் ஐட்டம் வாசகத்துக்குள் போக வேண்டும். எம்-புக்கில் (அளவுப் பதிவேட்டில்) ஏறுகிற சொற்களாக இருக்க வேண்டும்.

சாய்தளத்தை எடுத்துக்கொள்வோம். பல மதிப்பீடுகளில் இது ‘தடையற்ற வசதிகளுக்காக’ என்று பிரிக்காத ஒரு மொத்தத் தொகையாக (எல்.எஸ்.) உட்கார்ந்திருக்கும். பேஸ்மட்டம் 600 மி.மீ. என்றால் 1:12 சரிவுக்கு 7.2 மீட்டர் ஓட்டம் வேண்டும். மேலும் கீழும் ஒன்றரை மீட்டர் சமதளம் சேர்த்தால் 10.2 மீட்டர். அந்த நீளம் மனையில் எங்கே இருக்கிறது என்று மதிப்பீடு போடும்போது யாரும் பார்ப்பதில்லை. வேலையின் கடைசி வாரத்தில் கொத்தனார் இருக்கிற ஐந்து மீட்டரில் இறக்கிவிடுகிறார். சரிவு 1:8 அளவுக்குப் போய்விடுகிறது. துணைக்கு ஆள் இருந்தாலும் அதில் நாற்காலியை ஏற்றுவது சிரமம், இறக்குவது ஆபத்து. இதில் தெருவோர வடிகாலின் மூடி வேறு குறுக்கே வரும். வடிகால் மூடியின் மட்டம், சாய்தளத்தின் அடிமட்டம், உள்தரையின் மட்டம் மூன்றையும் வரைபடத்தில் எண்ணாக எழுத வேண்டும். அந்த மட்டங்கள் கான்கிரீட்டின் மட்டங்களாக இல்லாமல், டைல் போட்டு முடித்த தரையின் மட்டங்களாக இருக்க வேண்டும். வாசற்படியில் 12 மி.மீ.க்கு மேல் மேடு கூடாது என்கிற வேலையில், டைலும் அதன் அடிக்கலவையும் சேர்ந்து 50 மி.மீ. ஆவதை மறந்துவிட்டால் மிச்சமெல்லாம் வீண்.

அதே சாய்தளத்தின் கைப்பிடிக் கம்பி. ஓட்டம் 7.2 மீட்டர், இரண்டு பக்கம், ஆக 14.4 மீட்டர் என்று பட்டியலில் போட்டுவிடுவோம். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு உயரங்களில் கம்பி வேண்டும். ஒவ்வொன்றும் மேலும் கீழும் 300 மி.மீ. நீள வேண்டும். அப்படியென்றால் 7.8ஐ நான்கால் பெருக்கி 31.2 மீட்டர். பட்டியலில் 14.4 இருக்கும்போது சைட் இன்ஜினியர் என்ன செய்வார்? அளவு இரண்டு மடங்குக்கு மேல் போனால் திருத்த மதிப்பீடு, மேலதிகாரியின் ஒப்புதல், தணிக்கைக் கேள்வி எல்லாம் வரும். கீழ்க்கம்பியை விட்டுவிடுவார். நீட்சியையும் வெட்டிவிடுவார். பார்வையற்றவருக்குச் சரிவு தொடங்கப்போகிறது என்று கையில் சொல்வது அந்த 300 மி.மீ. நீட்சிதான். குள்ளமானவர்களும் குழந்தைகளும் பிடிப்பது அந்தக் கீழ்க்கம்பியைத்தான்.

கழிவறையின் பிடிமானக் கம்பியில் ஒரு மனிதர் தன் முழு எடையையும் போட்டு நாற்காலியிலிருந்து கிளாசெட்டுக்கு மாறுகிறார். இன்று பாதிக் கட்டடங்களின் உட்சுவர்கள் ஏ.ஏ.சி. பிளாக்கிலோ ஹாலோ பிளாக்கிலோ எழுகின்றன. அதில் டிரில் போட்டு பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்குரூவும் இறுக்கினால், சோப்புப் பெட்டி மாட்டத் தாங்கும். கம்பியின் இடத்தில் சுவர் எழும்பும்போதே கான்கிரீட் பட்டை ஓட்டியிருக்க வேண்டும். ஆனால் கம்பி ஐட்டம் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் சானிடரி சாமான்களோடு இருக்கிறது. சுவர் ஐட்டம் ஐந்தாம் பக்கத்தில். சுவர் கட்டும் மேஸ்திரிக்கு ஆறு மாதம் கழித்து வரப்போகும் கம்பியைப் பற்றி யார் சொல்வது? ஐட்டம் வாசகம்தான் சொல்ல வேண்டும்: ‘சுவர் கட்டும்போதே வைக்கப்படும் கான்கிரீட் பட்டை, நங்கூர போல்ட், சுவருக்கும் கம்பிக்கும் இடையே 50 மி.மீ. இடைவெளி, பாரச் சோதனை உட்பட’ என்று. எவ்வளவு பாரம் என்பதையும் எண்ணாக எழுதிவிட வேண்டும். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுத் தரநிலை 250 பவுண்டு என்று எண்ணைச் சொல்லிவிடுகிறது. நம் கணக்கில் சுமார் 113 கிலோ. நம் பட்டியல்களில் ‘உறுதியாகப் பொருத்தப்பட வேண்டும்’ என்பதோடு நிற்கிறது.

கிளாசெட்டின் உயரமும் இப்படித்தான். இருக்கை தரையிலிருந்து 450 முதல் 480 மி.மீ. இருக்க வேண்டும். சாதாரண மாடல் 400ஐ ஒட்டியே வரும். உயரம் போதவில்லை என்று அடியில் ஒரு மேடை கட்டி அதன்மேல் கிளாசெட்டை வைக்கிறார்கள். அந்த மேடையில் நாற்காலியின் கால்பலகை இடிக்கிறது. பக்கத்தில் ஒட்டி நிறுத்தவே முடிவதில்லை. ‘மேடை கட்டாமல், முடித்த தரையிலிருந்து’ என்ற சொற்களைச் சேர்த்தால் போதும், பிரச்சினை வராது.

‘தகுந்த’, ‘பொருத்தமான’, ‘தேவையான இடங்களில்’, ‘அல்லது அதற்கு இணையான’. இந்தச் சொற்களை நான் இப்போதெல்லாம் டெண்டர் படிவத்தில் பார்த்தால் சிவப்பு மையால் சுழிக்கிறேன். இவை நல்ல ஒப்பந்தக்காரரைத்தான் தண்டிக்கின்றன. வழிகாட்டு நூலைப் படித்து, உயரக் கிளாசெட்டுக்கும் நான்கு வரிசைக் கம்பிக்கும் விலை வைத்தவர் தோற்றுப்போகிறார். ‘தகுந்த’ என்பதை மலிவாகப் படித்தவருக்கு, மிகக் குறைந்த விலை சொன்ன எல்-1 ஆக, வேலை கிடைக்கிறது. எல்லோரும் ஒரே பொருளுக்கு விலை சொல்லும்படி எழுதுவது எழுதுகிறவர் கடமை.

தொடுவுணர் டைல் பற்றியும் சொல்ல வேண்டும். அதைச் சதுர மீட்டரில் வாங்குகிறோம். ஆனால் அது வாக்கியம்போல வரிசையாகப் படிக்கப்பட வேண்டிய பொருள். கோடு போட்ட டைல் ‘போகலாம்’ என்கிறது. புள்ளி போட்ட டைல் ‘நில், கவனி’ என்கிறது. டைல் பதிக்கும் வரைபடம் தராமல் அளவை மட்டும் தந்தால், கோட்டு டைல் மின்கம்பத்தின் மேல் கொண்டுபோய் முட்டும். படிக்கட்டுக்கு முன்னால் புள்ளி டைலே இருக்காது. ஐட்டத்தின் வாசகத்தில் வரைபட எண்ணைக் குறிப்பிட்டு, ‘அதன்படி பதிக்கப்படாத பகுதிக்கு அளவு எடுக்கப்படாது’ என்று சேர்க்கலாம்.

நம் ஊரில் சிவில் வேலைக்கு ஒரு டெண்டர், மின் வேலைக்கு ஒன்று, லிஃப்டுக்கு இன்னொன்று. கழிவறையில் விழுந்துவிட்டவர் தரையில் கிடந்தபடியே இழுக்க வேண்டிய அபாய மணிக் கயிறு, 900 மி.மீ. உயரத்திலும் 300 மி.மீ. உயரத்திலும் எட்ட வேண்டும். சிவில்காரர் அதை மின்சார வேலை என்று விட்டுவிடுகிறார். மின்சாரக்காரரின் பட்டியலிலோ அது இல்லை. லிஃப்டுக்கு வெளியே பொத்தான் வைக்கும் உயரத்துக்கும் இதே கதி. டெண்டர்களைப் பிரிக்கும் அன்றே, ஒவ்வொரு அணுகல் ஐட்டமும் எந்தப் பொட்டலத்தில் போகிறது என்று ஒரு பக்கத் தாளில் எழுதி மூன்றிலும் இணைப்பது அரைமணி நேர வேலை.

இயங்கிக்கொண்டிருக்கும் மருத்துவமனையிலோ பள்ளியிலோ மாற்றியமைக்கும் வேலை என்றால், வேலை நடக்கும் மாதங்களில் மக்கள் எந்த வழியாக வருவார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பழைய சாய்தளத்தை இடிக்கும் முன் தற்காலிகச் சாய்தளம் தனி ஐட்டமாக வரட்டும், அதற்கும் 1:12தான்.

சோதனைக்கும் பணம் ஒதுக்குங்கள். முதல் கழிவறையை மாதிரியாக முடித்து, சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் ஒருவரும் பார்வையற்றவர் ஒருவரும் பயன்படுத்திப் பார்த்த பிறகே மற்றவற்றைத் தொடங்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்கலாம். அவர்கள் வருகைக்கு உரிய ஊதியத்தைப் பட்டியலிலேயே ஐட்டமாக வைக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் தங்கள் உடலால் நம் வேலையைச் சரிபார்த்துத் தருகிறவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புவது முறையல்ல.

ஒப்படைப்புக்குப் பிந்தைய காலத்தையும் எழுத வேண்டும். 2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டபோது, பலர் வாழ்நாளில் முதல்முறையாகக் கடலுக்கு அருகே போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது. கடற்கரையில் புயல் வரும், மணல் மூடும். பலகை மாற்றுவதும் மணல் அள்ளுவதும் கட்டுமான ஒப்பந்தத்தோடு சேர்ந்த பராமரிப்பு ஐட்டங்களாக இருக்க வேண்டிய இடம் அது. ஊருக்குள் இருக்கும் சாய்தளத்தில் பைக் நிறுத்தாமல் தடுக்கும் குறுங்கம்பமும் இதே கணக்கில் வருகிறது. ஆனால் கம்பங்களுக்கு இடையே நாற்காலி நுழைய 900 மி.மீ. விட வேண்டும்.

நான் சொன்ன அந்தக் கட்டடத்தில் சுவரை இடித்து, நிலையைப் பெயர்த்து, புதிய கதவு போட முடிவாகியிருக்கிறது. எக்ஸ்ட்ரா ஐட்டமாக, உரிமையாளர் செலவில். டைலும் புதிதாக ஒட்ட வேண்டும். கம்பிகளுக்குப் பின்னால் என்ன சுவர் என்று அப்போதுதான் தெரியும்.

அடுத்த இதழிலிருந்து அணுகல் வசதிக்கான ஐட்டம் வாசகங்களை ஒவ்வொன்றாக இந்தப் பக்கங்களில் வெளியிட இருக்கிறோம். முதலில் கதவு, பிறகு சாய்தளமும் கைப்பிடியும், பிறகு கழிவறை. பணியிடத்தில் தேறிய வாசகம் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். எழுதியும் தேறாமல் போனதை, எந்தச் சொல்லால் தவறியது என்ற குறிப்போடு, அதைவிட முன்னதாக அனுப்புங்கள்.