கூட்டம் வேறு; சபை வேறு!

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் விளைச்சல். பொய்த்தால் கஷ்டம்.

காடு விளையாத வருஷத்தில், சீமைக் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் உண்டு. வாலிபர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலை தேடிப் போகிறார்கள்.

இந்த வட்டாரத்துக் கிராமங்களில் சின்னச் சின்ன வேதக்கோவில்கள் இருக்கின்றன. அவற்றின் முன்னால் இன்று ஒரு கேள்வி நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கூடிக் கலைந்தால் போதுமா? அதற்குப் பெயர் சபையா?

செல்போன் ஆராதனை

2020-ம் ஆண்டு கொரோனா ஊரடங்கு வந்தது. கோவில்கள் மூடப்பட்டன. ஆராதனை செல்போனில் நடந்தது.

ஊரடங்கு முடிந்தது. ஆனால் பழக்கம் பலரை விடவில்லை. வீட்டில் இருந்தபடியே பாட்டு கேட்கலாம். பிரசங்கம் கேட்கலாம். ஒருவர் பேச்சு பிடிக்காவிட்டால் இன்னொருவர் பேச்சுக்கு மாறிக்கொள்ளலாம்.

இதைத் தப்பு என்று சொல்ல முடியாது. படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு அது பெரிய ஆறுதல். ஊரை விட்டுப் போனவருக்கும் அது ஒரு துணை.

ஆனால், காய்ச்சலில் கிடப்பவருக்குச் செல்போன் கஞ்சி வைத்துக் கொடுக்குமா? சாவு வீட்டில் ராத்திரி முழுவதும் கூட இருக்குமா? அதற்கு மனிதர்கள் வேண்டும். பக்கத்தில் வேண்டும்.

ஒரே பந்தி

1834-ம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் இருந்து அமெரிக்கப் பாதிரிமார்கள் மதுரைக்கு வந்தார்கள். "அமெரிக்கன் மதுரை மிஷன்" தொடங்கியது. பிற்காலத்தில் அருப்புக்கோட்டையும், திருச்சுழி பக்கத்து மண்டபசாலையும் அந்த மிஷனின் முக்கிய ஊர்கள் ஆயின.

1847-ம் ஆண்டு அந்த மிஷன், தன்னிடம் வேலை பார்த்த உபதேசியார்களுக்கு ஒரு சோதனை வைத்தது. எல்லா ஜாதியாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதுதான் சோதனை.

பலர் மறுத்துவிட்டார்கள். அவர்களுடைய வேலை போயிற்று.

பக்கத்தில் நின்று பாடுவது சுலபம். ஒரே பானைச் சோற்றைச் சாப்பிடுவது கஷ்டமாக இருந்தது!

அந்தக் கஷ்டம் இன்னும் தீரவில்லை. 2008-ம் ஆண்டு மார்ச் மாதம், அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஜாதிச் சண்டை மூண்டது. போலீசார் துப்பாக்கியால் சுட்டதில் 2 பேர் மாண்டார்கள். ஒரே கோவில், ஒரே வேதம். ஆனாலும் ஒரே குடும்பம் ஆகவில்லை.

கோர்ட்டுக்குப் போன சண்டை

1947-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி சென்னையில் ஒரு பெரிய காரியம் நடந்தது. தனித்தனியாக இருந்த பல சபைகள் ஒன்றாக இணைந்தன. "தென்னிந்தியத் திருச்சபை" பிறந்தது. மதுரை மிஷனின் சபைகளும் அதில் சேர்ந்தன. உலகத்துச் சபைகள் எல்லாம் வியந்து பார்த்த ஒற்றுமை அது.

மதுரை-ராமநாதபுரம் பகுதிக்கு லெஸ்லி நியூபிகின் முதல் பிஷப் ஆனார். அப்போது அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அவர் கிராமத்துச் சபைகளைத் தேடிப் போனவர். ஒரு சபையார் வாழும் வாழ்க்கையைப் பார்த்துத்தான் வெளியார் வேதத்தைப் புரிந்து கொள்வார்கள் என்று பிற்காலத்தில் எழுதினார்.

இன்று வெளியார் என்ன பார்க்கிறார்கள்? அதே திருச்சபையின் பதவித் தேர்தல் வழக்குகள் ஐகோர்ட்டுக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போயின. நாற்காலிக்கு நடந்த போட்டியை நாடே பத்திரிகையில் படித்தது.

மேலே சண்டை நடந்தால் கீழே உள்ளவர் மனம் உடைகிறது. "எனக்கு எதற்கு வம்பு?" என்று ஒதுங்குகிறார். இதுதான் பெரிய நஷ்டம்.

மண் சொல்லும் பாடம்

இதற்கு வழி என்ன? வெளியே தேட வேண்டாம். இந்த மண்ணிலேயே இருக்கிறது.

மானாவாரிச் சீமைக்குக் கண்மாய்தான் உயிர். முன்பெல்லாம் ஊரார் ஒன்றுகூடி வண்டல் அள்ளுவார்கள். கரையைப் பலப்படுத்துவார்கள். இதைக் குடிமராமத்து என்பார்கள். வீட்டில் இருந்துகொண்டு "கண்மாய் நிறையட்டும்" என்று சொன்னவரால் கண்மாய் நிறையவில்லை. மண்வெட்டியோடு வந்தவரால்தான் நிறைந்தது.

இன்னொன்று, மகமை. அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி நாடார் வியாபாரிகள் தங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை உறவின்முறைக்கு எடுத்து வைத்தார்கள். சிறு துளி பெருவெள்ளம் ஆயிற்று. விருதுநகர் வட்டாரத்தில் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. ஆனால் அது ஒரு ஜாதிக்குள் வளர்ந்த ஒற்றுமை. சபையோ ஜாதியைத் தாண்ட வேண்டியது.

சபையிலும் இப்படி ஒரு நல்ல வழக்கம் உண்டு. பிடி அரிசி! உலை வைக்கும்போது தாய்மார்கள் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அது சபைக்குப் போகும். பணக்காரர் வீட்டிலும் ஒரு பிடிதான். கூலிக்காரி வீட்டிலும் ஒரு பிடிதான். கொடுப்பதில் அங்கே சின்னவர், பெரியவர் இல்லை.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் தேவை இல்லை. நான்கு காரியங்கள் போதும்.

இந்த வாரம் கோவிலுக்கு வராதவர் யார்? அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

ஊரை விட்டுப் போன பிள்ளைகளின் வயதான பெற்றோர்களை, முறை வைத்துப் போய்ப் பாருங்கள்.

கோவில் கணக்கை எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள். சந்தேகம் தீர்ந்தால் பாதிச் சண்டை தீரும்.

வருஷத்துக்கு ஒரு முறையாவது எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருங்கள். யார் சமைத்தது என்று கேட்காமல் சாப்பிடுங்கள்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொன்னது அல்ல. கோவில் திருவிழா நடத்துகிறவர்களுக்கும், பள்ளிவாசல் ஜமாத்தாருக்கும் இது பொருந்தும்.

கூட்டம் சேர்க்க ஒலிபெருக்கி போதும். சபை சேர்க்க, அடுத்தவர் சுமைக்குத் தோள் கொடுக்க வேண்டும்.