பட்டா இல்லாத கிராமம்

தில்லியின் பைரோன் சாலையில், பழைய கோட்டையை ஒட்டி, வாகனங்களின் இரைச்சல் ஓய்வதே இல்லை. காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி உள்ளே போனால் சாணம் மெழுகிய திண்ணை. பக்கத்தில் குலு பள்ளத்தாக்கின் மர வீடு. கொஞ்சம் தள்ளி, கட்ச் பாலைவனத்து ஓரத்தின் வட்டக் குடிசை. சுவரில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் வெயிலில் மின்னுகின்றன. இன்னும் நாலு எட்டு வைத்தால் நாகாலாந்து, அப்புறம் நிக்கோபார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் காமிராவைத் தூக்குகிறார்கள். தேசிய கைவினை அருங்காட்சியகத்தின் கிராம வளாகம் இது. தலைநகரில் ஒரு கிராமத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறவர்களை இங்கேதான் அனுப்பிவைப்பார்கள்.

இந்தக் கிராமத்தில் ஒரு நாய் குரைக்காது. கிணற்றடிச் சண்டை கிடையாது. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை எந்த ஊரிலும் நாகர்களும் கட்ச் மேய்ப்பர்களும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

இது நிலைத்து நிற்பதற்காகக் கட்டப்பட்டதும் அல்ல. 1972 நவம்பரில் பிரகதி மைதானத்தில் 'ஆசியா 72' சர்வதேச வர்த்தகக் கண்காட்சி நடந்தது. ஆலைகளையும் இயந்திரங்களையும் காட்டிய அரசுக்கு, நாட்டுப்புறத்தையும் காட்ட வேண்டும் என்று தோன்றியது. பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் மண்ணும் மூங்கிலும் ஓலையும் கொண்டு வீடுகளை எழுப்பினார்கள். கண்காட்சி முடிந்ததும் கலைக்கப்பட்டிருக்க வேண்டியவை, தப்பிப் பிழைத்தன. அதே கண்காட்சிக்காக நாட்டின் பெருமையாகக் கட்டப்பட்ட கான்கிரீட் மண்டபம், ராஜ் ரேவல் வடிவமைத்த 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்', 2017 ஏப்ரலில் ஒரே இரவில் இடிக்கப்பட்டது. மண் குடிசைகள் இன்னும் நிற்கின்றன.

கைவினை வாரியம் 1950களிலிருந்து சேர்த்துவந்த பொருள்களுக்கு, இந்தக் குடிசைகளை ஒட்டி சார்லஸ் கொரியா ஒரு கட்டடம் அமைத்தார். பெரிய வாசல் இல்லாமல், முற்றத்திலிருந்து முற்றத்துக்குத் தெருவில் நடப்பதுபோல் போக வைக்கும் கட்டடம். தில்லியின் அரசுக் கட்டடங்களில் இவ்வளவு அடக்கமானது அபூர்வம். நம்மூர் அய்யனார் கோயிலின் சுடுமண் குதிரைகளைப் பார்க்கும் தமிழர்களுக்கு அவற்றைக் காவல் தெய்வமாகக் கும்பிடுவதா, கலைப்பொருளாக ரசிப்பதா என்று ஒரு கணம் குழப்பம் வரும். 1984இல் பொறுப்புக்கு வந்த ஜோதீந்திர ஜெயின், கண்ணாடிப் பெட்டிகளைவிட மனிதர்களையே நம்பினார். குயவர்களும் நெசவாளர்களும் ஓவியர்களும் ஊரிலிருந்து அழைக்கப்பட்டார்கள். அங்கேயே தங்கி, வருகிறவர்கள் கண்முன் வேலை செய்து, செய்ததை விற்றார்கள். வளாகத்துக்கு உயிர் வந்தது அப்போதுதான்.

நகரத்துக்காரர்களுக்குக் கிராமத்தை வேடிக்கை பார்க்கும் ஆசை இந்தியாவில் மட்டும் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லாங்காஸ்டர் மாவட்டம் இதற்கென்றே பேர்போனது. அங்கே வாழும் ஆமிஷ் மக்கள், மதக் கொடுமைக்குத் தப்பி 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறிய கிறிஸ்தவர்கள். கார் வைத்துக்கொள்வதில்லை, சாம்பல் நிறக் கூண்டு வைத்த குதிரை வண்டிதான். பொது மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு இணைப்பு வாங்குவதில்லை. டெலிபோன் அவசியமானால் வீட்டுக்குள் அல்ல, வயலோரத்தில் ஒரு சின்ன மரக்கூண்டுக்குள். இதைப் பார்க்க ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் பஸ்களில் வந்து இறங்குகிறார்கள். 1955இலேயே ஒரு பண்ணை வீட்டைக் கட்டணம் வைத்துச் சுற்றிக்காட்டத் தொடங்கிவிட்டார்கள். 1985இல் ஹாரிசன் ஃபோர்டு நடித்த 'விட்னஸ்' படம் வந்த பிறகு கூட்டம் இன்னும் கூடியது.

ஆனால் அந்தக் காட்சிக்கு ஒரு வேலி உண்டு. படத்துக்கு முகம் காட்டி நிற்பது அவர்கள் மதத்துக்கு ஆகாது. காமிராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், கையால் மறைப்பார்கள். டிக்கெட் வாங்கிப் பார்க்கும் வீடு அவர்கள் குடியிருக்கும் வீடு அல்ல. சாலையோரக் கடையில் ஒட்டுத்துணி மெத்தை விரிப்பும் பழப்பாகும் மர நாற்காலியும் விற்பார்கள். காசை எண்ணி வாங்கிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. தொலைதூரத்திலிருந்து வந்திருக்கிறோம் என்று கெஞ்சினாலும் கிடையாது. எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று விஸ்கான்சின் மாநில ஆமிஷ் குடும்பங்களுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது, 1972 மே மாதத்தில். அந்தத் தீர்ப்பு பிள்ளைகளுக்கு நல்லதா என்பது விவாதத்துக்கு உரியது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள் என்பதில் விவாதம் இல்லை. காரணம் பக்தி மட்டுமல்ல. நிலம் அவர்கள் பெயரில் இருக்கிறது.

தில்லிக்குள்ளும் இந்தக் கணக்கு செல்லும். ஹவுஸ் காஸ் கிராமத்தில் 1980களின் பிற்பகுதியில் பேஷன் கடைகள் நுழைந்தன. எருமை கட்டிய சந்துக்குள் பட்டுத் துணி வாங்க வருவது மேல்தட்டுப் பெண்களுக்கு ஒரு புது ருசியாக இருந்தது. பிறகு உணவகங்கள், மதுக்கூடங்கள், இரைச்சல். ஊரின் அழகு போயிற்று என்று வருத்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். ஊர்க்காரர்களுக்கு வீடு சொந்தம். எருமையை விற்றுவிட்டு வாடகை வாங்கினார்கள்.

வீடு சொந்தமில்லாதவர்களின் கதை வேறு.

பீகாரின் மிதிலைப் பகுதியைச் சேர்ந்த கங்கா தேவி, கணவரால் கைவிடப்பட்டு, சித்திரம் எழுதிப் பிழைத்தவர். 1984இல் பத்மஸ்ரீ. 1985இல் அமெரிக்காவில் இந்திய விழா தொடங்கியபோது அவரும் போனார். அவரைப் பார்க்க அமெரிக்கர்கள் வந்தார்கள். அவரும் அமெரிக்கர்களைப் பார்த்தார். திரும்பியபின் அவர் வரைந்த அமெரிக்க வரிசைச் சித்திரங்களில், ரோலர் கோஸ்டரில் ஏறிச் சுழல்கிறவர்கள் மிதிலைக் கோடுகளுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கிராமத்தை நகரம் பார்த்ததற்கு ஆயிரம் சாட்சிகள் உண்டு. கிராமம் திரும்பிப் பார்த்ததற்கு இப்படி ஒன்றிரண்டுதான்.

பிறகு புற்றுநோய் வந்தது. தில்லியில் சிகிச்சை பெற்றுக்கொண்டே, கைவினை அருங்காட்சியகத்தில் ஒரு அறையின் சுவர்களில் 'கோஹ்பர் கர்' எழுதினார். மிதிலையில் புதுமணத் தம்பதிக்கு எழுதப்படும் மணவறைச் சித்திரம் அது: தாமரை, மூங்கில், கிளி, மீன். 1991இல் அவர் இறந்தார். சுமார் கால் நூற்றாண்டு கழித்து, 2015 வாக்கில், அருங்காட்சியகத்தைப் புதுப்பிக்கும் வேலையில் அந்தச் சுவர்ச் சித்திரம் அழிக்கப்பட்டது. சுவர்ச் சித்திரம் என்பது அழிந்து, மறுபடி எழுதப்படுவதற்கே என்று வாதாடலாம். மிதிலையில் அழிக்கிற கையும் எழுதுகிற கையும் ஒரே வீட்டுக் கை. இங்கே அப்படி அல்ல.

மேற்கு தில்லியில், ஷாதிப்பூர் பஸ் டெப்போவுக்கு அருகே, கட்புத்லி காலனி இருந்தது. ராஜஸ்தானிலிருந்து வந்த பொம்மலாட்டக்காரர்கள் கூடாரம் அடித்துத் தங்கிய இடம். மாயாஜாலக்காரர்கள், கழைக்கூத்தாடிகள், மேளக்காரர்கள் என்று நாளடைவில் பெருகி ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ஊராயிற்று. வெளிநாட்டு இந்திய விழாக்களுக்கு அரசு விமானத்தில் ஏற்றி அனுப்பிய கலைஞர்களில் இந்தச் சந்துகளின் ஆட்களும் உண்டு. 1985இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் 'அதிதி' கண்காட்சியில் அவர்கள் ஆடிக்காட்டினார்கள். ஊர் திரும்பி அதே ஆட்டத்தைத் தில்லித் தெருமுனையில் ஆடினால் போலீஸ் பிடிக்கலாம். 1959ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுப்புத் தடுப்புச் சட்டம் தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது. பொது இடத்தில் பாடி, ஆடி, வித்தை காட்டிக் காசு வாங்குவதும் அதன்படி பிச்சைதான். தில்லி உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்று அறிவிக்க 2018 ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குள் காலனியே போய்விட்டது. நிலம் தில்லி வளர்ச்சி ஆணையத்துடையது. 2009இல் ரஹேஜா என்ற தனியார் கட்டுமான நிறுவனத்துடன் ஆணையம் ஒப்பந்தம் செய்தது. குடிசைக்காரர்களுக்கு அடுக்குமாடி வீடுகள். மிச்ச நிலத்தில் நிறுவனத்துக்கு வானளாவிய கோபுரம். பல குடும்பங்கள் ஆனந்த் பர்பத் தற்காலிக முகாமுக்குப் போயின. பல குடும்பங்கள் மறுத்தன. அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்றைத் திட்டம் போட்டவர்கள் முன்பே யோசித்திருக்கலாம்: கழைக்கூத்துக் கம்பையும் ஆளுயரப் பொம்மையையும் பெரிய மேளத்தையும் அடுக்குமாடி வீட்டில் எங்கே வைப்பது? எங்கே பழகுவது? 2017 அக்டோபர் 30ஆம் தேதி புல்டோசர்கள் வந்தன. தற்காலிக முகாமின் 'தற்காலிகம்' ஆண்டுக்கணக்கில் நீண்டது.

இந்தக் கதைகளை வைத்துக்கொண்டு பார்த்தால், ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு எதிரே 1994இல் திறக்கப்பட்ட தில்லி ஹாட் பரவாயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சாக்கடைக்கு மேல் தளம் போட்டு, அதன்மேல் அமைத்த சந்தை. ஓலைக் கூரையும் செங்கல் நடைபாதையும் அலங்காரம்தான். கிராமம் என்ற பாசாங்கு இங்கேயும் உண்டு. ஆனால் வருகிற கைவினைஞர் காட்சிப்பொருளாக அல்ல, கடைக்காரராக உட்காருகிறார். பெரும்பாலான கைவினைக் கடைகள் நிரந்தரமாகத் தரப்படுவதில்லை. முறைவைத்துச் சில நாட்களுக்கு. பீகாரின் மிதிலை ஓவியரும் காஷ்மீர் சால்வைக்காரரும் தரகர் இல்லாமல் விலை பேசலாம்.

அந்த முறையிலும் வியாபாரிகள் புகுந்துவிடுகிறார்கள் என்ற முணுமுணுப்பு நெடுநாளாக உண்டு. வாங்குகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சித்திரத்தையோ பொம்மையையோ கையில் எடுத்துக்கொண்டு, இது எப்படிச் செய்வது என்று கேட்டுப் பார்க்கலாம். வியாபாரி விலையைச் சொல்வார். செய்தவராக இருந்தால் தூரிகையைத் தேடி எடுப்பார். அரை மணி நேரம் போவதே தெரியாது.