கப்பல் நிற்கும், முழங்கால் நிற்குமா?

சங்கத்தின் மூத்த உறுப்பினர்களுக்காக ஏற்பாடாகும் வார இறுதிக் கப்பல் சுற்றுலாவின் சுற்றறிக்கை சென்ற வாரம் கைக்கு வந்தது. முயற்சி எடுத்த இளைஞர்களை முதலில் பாராட்ட வேண்டும். மைசூருக்கு வந்து முப்பது, நாற்பது வருடம் ஆகிவிட்ட நம் குடும்பங்களில் பலருக்குக் கடல் என்பது சொந்த ஊர் போகும்போது மெரினாவிலோ வேளாங்கண்ணியிலோ காலை நனைப்பதோடு சரி. ஆனால் அறிக்கையின் கடைசியில் ஒரு வரி இருந்தது. முழங்கால் வலி உள்ளவர்களும் நடக்க இயலாதவர்களும் கொச்சியில் இறங்காமல் கப்பலிலேயே ஓய்வெடுக்கலாம் என்று. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நல்லெண்ணத்தில் எழுதியதுதான். அதே நல்லெண்ணத்தோடு நானும் ஒரு காரியம் செய்து மாட்டிக்கொண்டவன்.

போன வருடம் என் மகன் எங்களை இதே போன்ற ஒரு கப்பலில் அழைத்துப் போனான். என் அக்காவும் கூட வந்தாள். 76 வயது. திருச்சி பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இப்போது இரண்டு முழங்காலும் தேய்ந்து, கைத்தடி இல்லாமல் பத்து அடி வைக்க முடியாது. கப்பல் கொச்சியில் ஒரு பகல் நின்றது. அந்தப் பகலுக்குத் திட்டம் போட்டவன் அடியேன். ரயில்வேயில் ஆயுளைக் கழித்தவன் அல்லவா, ஏழு இடங்களை நிமிடக் கணக்கில் அடுக்கி, அதை ஒரு சாதனையாக எண்ணி மார்தட்டிக்கொண்டேன். ஏழு இடத்திலும் வேன் நின்றது. ஏழு இடத்திலும் அக்கா, "நீங்க பார்த்துட்டு வாங்கடா, நான் இங்கயே இருக்கேன்" என்றாள். இரவு சாப்பாட்டு மேசையில் என் பேத்தி, "அத்தைப் பாட்டி, கொச்சியில உங்களுக்கு எது பிடிச்சுது?" என்று கேட்டாள். "அந்த வேன் டிரைவர் நல்ல பிள்ளை" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் தவறு எங்கே என்று பிறகு யோசித்தேன். நான் கிலோமீட்டரை எண்ணினேன், படியை எண்ணவில்லை. மூட்டு தேய்ந்தவருக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை, உயரம்தான் எதிரி. ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் தளம் தண்டவாளத்திலிருந்து சுமார் ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரமான பிளாட்பாரம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்வதே 760 முதல் 840 மில்லிமீட்டர்தான். மிச்சமுள்ள முக்கால் முழத்துக்கும் மேற்பட்ட உயரத்தை வயதானவர் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித்தான் கடக்க வேண்டும். பணியில் இருந்த காலத்தில் இது எனக்கு உறைக்கவே இல்லை. அக்காவோடு பயணம் போன பிறகுதான் உறைத்தது.

கப்பலில் இதுவே வேறு உருவத்தில் வருகிறது. கப்பலிலிருந்து துறைமுகத் தளத்துக்கு இறங்கும் பலகைப் பாலத்தின் சரிவு நாள் முழுக்க ஒன்றாக இருக்காது, கடல் ஏறி இறங்க மாறும். குஜராத்தின் காண்ட்லாவில் கடல்மட்டம் ஆறு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். கொச்சியில் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும் என்பது நம் அதிர்ஷ்டம். சக்கர நாற்காலிக்கு ஒத்துக்கொண்ட சரிவு 12-க்கு 1, அதாவது ஒரு மீட்டர் இறங்கப் பன்னிரண்டு மீட்டர் நீளம் வேண்டும். (நம் சக்லேஷ்பூர் – சுப்ரமண்யா காட் பாதையிலேயே சரிவு 50-க்கு 1தான். அதற்கே எத்தனை என்ஜின் என்று பார்த்திருப்பீர்கள்.) கொச்சியில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும், இறங்கலாம். லட்சத்தீவுப் பக்கம் போகும் கப்பல்களோ பெரும்பாலும் ஆழ்கடலில் நின்றுவிடும். ஆடும் படகுக்கு மாறி ஏறித்தான் தீவுக்குப் போக வேண்டும். அங்கே வேண்டுமானால் "கப்பலிலேயே இருங்கள்" என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். கொச்சியில் அப்படிச் சொல்ல நியாயம் இல்லை.

அடுத்தது நேரம். கப்பல் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை நிற்கும் என்று போட்டிருந்தால் ஒன்பது மணி நேரம் என்று கணக்குப் போடக் கூடாது. இறங்கும் வரிசை ஒரு மணி நேரம். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது கப்பலில் இருந்தாக வேண்டும். துறைமுக வாசலில் சோதனை இருக்கிறது. ரயில்வே கால அட்டவணையில் இன்ஜினியரிங் அலவன்ஸ் என்று ஓட்ட நேரத்தோடு சில நிமிடங்களைச் சேர்த்து வைப்பார்கள், வழியில் பழுது வேலை நடந்தாலும் வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. முழங்காலுக்கும் ஒரு அலவன்ஸ் வேண்டும். கழித்துப் பார்த்தால் கைக்கு நிற்பது நாலு மணி நேரம். அதில் இரண்டு இடம் பார்க்கலாம், மூன்றாவது பேராசை.

நம் இளைஞர்களின் பட்டியலில் இன்னொரு சங்கடமும் கண்ணில் பட்டது. சனிக்கிழமையன்று மட்டாஞ்சேரியில் யூதர்களின் பரதேசி தேவாலயம் என்று போட்டிருக்கிறார்கள். 1568-ல் கட்டிய அருமையான இடம், சந்தேகமில்லை. ஆனால் சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், கதவு திறக்காது. பக்கத்திலுள்ள டச்சு அரண்மனையின் சுவரோவியங்களைப் பார்க்க மாடிப்படி ஏறியாக வேண்டும். ஆக, ஒன்று பூட்டியிருக்கும், மற்றொன்று மாடியில் இருக்கும்.

அப்படியென்றால் எங்கேதான் போவது என்று கேட்பீர்கள். கப்பல் பயணம் முடிந்து ஆறு மாதம் கழித்து, உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு எர்ணாகுளம் போகவேண்டி வந்தது. அக்காவும் வந்தாள். இந்தத் தடவை இரண்டே இடம் என்று தீர்மானித்தேன்.

முதலாவது, உயர் நீதிமன்றத் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ படகு. இந்தப் படகுச் சேவை 2023 ஏப்ரலில் தொடங்கியது, ஃபோர்ட் கொச்சிக்கு 2024-ல் வந்தது. படகைவிட என்னை மயக்கியது அதன் துறைதான். ஏறுமிடம் தண்ணீரில் மிதக்கிறது. கடல் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் அதுவும் இறங்கும். ஆகவே படகின் தளமும் ஏறுமிடமும் எப்போதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கின்றன. அக்கா கைத்தடியை ஊன்றி, வீட்டு ஹாலுக்குள் போவது போல நடந்து போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வல்லார்பாடத்துக் கண்டெய்னர் முனையமும் வரிசையாகச் சீன வலைகளும் அவள் இருந்த இடத்துக்கே வந்தன. இதைச் செய்தவர்கள் யாரோ என் தொழில்காரர்கள்தான் என்று எனக்கு ஒரு அற்பப் பெருமை.

இரண்டாவது, ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்தில் உள்ள சலவைக்கூடம், 'தோபி கானா' என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியும். டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் உடுப்புகளைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே தொழில் செய்கிறார்கள் என்று சொல்கிறார்கள். கல்லில் அடித்துத் துவைத்து, முறுக்கிய கயிற்றுப் புரிக்குள் துணியைச் செருகி வெயிலில் உலர்த்துகிறார்கள். கிளிப் கிடையாது. தேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் அக்கா, "எந்த ஊரும்மா?" என்று தமிழில் கேட்டாள். "இந்த ஊர்தாங்க, தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து" என்று தமிழிலேயே பதில் வந்தது. ஒரு நாற்காலி வந்தது. முக்கால் மணி நேரம் அக்கா எழுந்திருக்கவே இல்லை. எத்தனை தலைமுறையாகத் தமிழ் பேசுகிறீர்கள், பெண் எங்கே கொடுக்கிறீர்கள், கஞ்சிக்கு என்ன அரிசி என்று ஒன்றுவிடாமல் விசாரித்துவிட்டாள். வழிகாட்டிப் புத்தகத்து முதல் வரிசையில் அந்த இடம் வராது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் கொச்சி என்றால் அதுதான் பேச்சு.

ஆகவே சுற்றுலாக் குழுவுக்கு என் வேண்டுகோள். இரண்டே இடம் வையுங்கள், இரண்டும் தரை மட்டத்தில் இருக்கட்டும். நடக்கக்கூடியவர்கள் வேறு வண்டியில் ஏழு இடமும் போய்வரட்டும், அவர்களை யார் தடுத்தது? கப்பல் கம்பெனியிடம் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேளுங்கள்: இறங்கும் பாலம் எந்தத் தளத்தில், அதில் படி எத்தனை, சக்கர நாற்காலியைக் கரைக்குக் கொண்டுபோக விடுவார்களா என்று. கப்பலின் நாற்காலிகள் பெரும்பாலும் கப்பலுக்குள் மட்டும்தான். மடக்கு நாற்காலி இரண்டை நாமே கொண்டுபோவது நல்லது. டெம்போ டிராவலரின் முதல் படி உயரம், அதற்கு அரையடி உயரத்தில் ஒரு மரப்பலகை போதும். ராமாபுரத்தில் என் வீட்டுக்குப் பக்கத்துத் தச்சரிடம் நானே செய்து தருகிறேன். வெஸ்டர்ன் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். ரத்த அழுத்தத்துக்குக் காலையில் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலர் உண்டு. கூச்சத்தில் சொல்ல மாட்டார்கள், தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள், வெயிலில் மயக்கம் வரும். மாத்திரையின் நேரத்தை டாக்டரைக் கேட்காமல் யாரும் மாற்ற வேண்டாம்.

இவ்வளவும் முடிந்தபின் அந்தக் கடைசி வரியை அடித்துவிடுங்கள். இறங்குவதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

இதை எழுதி முடித்ததும் அக்காவுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். விருந்தினராக ஒரு இடம் கிடைக்குமா என்று கேட்டுச் சொல்லச் சொன்னாள். கூடவே, "போன தடவை மாதிரி ஜன்னல் வழியா ஊர் காட்டறதா இருந்தா என் பேரைக் கொடுத்துடாதே" என்றாள்.