ஏஜெண்டுக்குத் தெரிந்த சட்டம் நமக்குத் தெரிய வேண்டாமா?

"பையன் போயி எட்டு மாசம் ஆவுது தம்பி. மூணு மாசமா சம்பளம் இல்லியாம். பாஸ்போர்ட்ட மொதலாளி வாங்கி வச்சிக்கிட்டானாம். ஏஜெண்டு போன எடுக்க மாட்டேங்குறான். எங்க போயி, யாருகிட்ட சொல்றது?"

திருவதிகைக்கும் நெய்வேலிக்கும் நடுவில் கிடக்கிற காலனிகளுக்கு இந்தக் கேள்வி புதுசல்ல. ஒரு பிளாஸ்டிக் பையில் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு அந்தத் தாய் அலைகிறாள். ஸ்டேஷனுக்குப் போனால் "இது கொடுக்கல் வாங்கல், பேசி முடிச்சிக்கோ" என்கிறார்கள். கட்சிக்காரரிடம் போனால் "தேர்தல் முடியட்டும்" என்கிறார். கடைசியில் நம்மிடம் வருகிறாள். நாம் என்ன சொல்கிறோம்? "மனு ஒண்ணு எழுதி கலெக்டர் ஆபீசுல போடுங்கம்மா" என்கிறோம். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த அதிகாரி என்று நமக்கும் தெரியவில்லை. இந்தத் தலையங்கம் அந்த வெட்கத்திலிருந்துதான் எழுதப்படுகிறது.

நம் ஆட்கள் ஆசைக்காகக் கடல் தாண்டிப் போவதில்லை. முந்திரித் தோப்பு வேலை வருஷத்தில் சில மாசம். நிலக்கரி எடுக்க நிலம் போனபோது, பட்டா வைத்திருந்தவனுக்கு இழப்பீடு என்று பேரம் பேசவாவது ஒரு காகிதம் இருந்தது. அதே நிலத்தில் நாற்று நட்டவளுக்கு, களை பறித்தவனுக்கு எந்தக் காகிதமும் இல்லை. அப்படி வேலை இழந்தவன் வட்டிக்கு வாங்கி, தாலிக்குண்டை அடகு வைத்து, முதல் தடவையாக ஒரு காகிதம் சம்பாதிக்கிறான். அதுதான் பாஸ்போர்ட். அதையும் அங்கே ஒருத்தன் பிடுங்கி வைத்துக்கொள்கிறான்.

இது நேற்று ஆரம்பித்த கதையும் அல்ல. 1860-இல் நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் போனது. அதன்பின் 1911 வரை போன கப்பல்களில் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டத்துச் சேரிச்சனம் ஏராளம். கைநாட்டு வைத்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாமலேயே ஐந்து வருஷத்துக்குப் போனார்கள். அன்று கங்காணி, இன்று ஏஜெண்டு. அன்றும் வெள்ளைக்கார அரசு 'குடிபெயர்வோர் பாதுகாவலர்' என்று ஒரு அதிகாரியை வைத்திருந்தது. அதே பெயரில் ஒரு அதிகாரி இன்றும் சென்னையில் இருக்கிறார். அவர் இருப்பது நமக்குத் தெரியாது என்பதுதான் ஏஜெண்டின் முதலீடு.

நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் என்ன வேலை பார்த்தார் என்பதை நினைத்துப் பாருங்கள் தோழர்களே. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். சட்டத்தின் மொழிக்கும் நம் மொழிக்கும் நடுவில் நின்றவர் அவர். இன்று அந்த இடத்தில் ஏஜெண்டு நிற்கிறான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

1983-இல் வந்த குடிபெயர்வுச் சட்டப்படி, மத்திய அரசிடம் பதிவு செய்து எண் வாங்காத யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. 'சப்-ஏஜெண்டு' என்று ஒருவனை இந்தச் சட்டம் அங்கீகரிக்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் வாங்குகிறவன், அவன் நம் தெருக்காரனாக இருந்தாலும், நம் சொந்தக்காரனாகவே இருந்தாலும், செய்வது குற்றம். பதிவு பெற்ற ஏஜெண்டின் பெயரும் எண்ணும் அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் இருக்கும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. ரசீது தர வேண்டும். லட்சம், ஒன்றரை லட்சம் என்று வாங்குகிறவன் ரசீது தரமாட்டான். ஏன் என்று இப்போது புரிகிறதா?

பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்று இருக்கும். அவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட பட்டியல் நாடுகளுக்கு வேலைக்குப் போக அந்த அனுமதி வேண்டும். இந்த வழியில் போகிறவருக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். விபத்தில் செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். 2024 ஜூன் 12-ஆம் தேதி குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்ததே, அதில் செத்த இந்தியர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். நம் கடலூர் மாவட்டத்துக்காரரும் அதில் உண்டு. "சுற்றுலா விசாவுல போ, அங்க மாத்திக்கலாம்" என்று ஏஜெண்டு சொல்கிறபோது, அவன் இந்தக் காப்பீட்டையும் அனுமதியையும் சேர்த்துத்தான் நம்மிடமிருந்து பறிக்கிறான்.

அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். இந்தச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி இதெல்லாம் காவல்துறை நேரடியாக வழக்குப் பதிய வேண்டிய குற்றங்கள். 'கொடுக்கல் வாங்கல்' என்று தட்டிக் கழிப்பது சட்டமல்ல, சோம்பேறித்தனம். பல சமயம் சாதித் திமிர். 27-ஆம் பிரிவுப்படி பொதுவாக வழக்கு நடத்த மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும். ஆனால் ஏமாந்தவரே புகார் கொடுத்தால் அது வேண்டியதில்லை. அவர் சார்பில் அப்பா, அம்மா, கணவன், மனைவி, மகன், மகள், அண்ணன் தம்பி, அக்காள் தங்கை கொடுத்தாலும் வேண்டியதில்லை. பையன் சவூதியில் கிடந்தாலும் திருவதிகையில் இருக்கிற அம்மா வழக்குப் போடலாம்! இந்த ஒரு வரியை எந்த ஏஜெண்டாவது சொல்லியிருப்பானா? தண்டனை இரண்டு வருஷம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். ஒரு ஆளிடம் லட்சம் சுருட்டுகிறவனுக்கு அபராதம் இரண்டாயிரம். இந்தக் கேவலத்தையும் நாம் கேட்க வேண்டும். அதனால்தான் மோசடிப் பிரிவையும் சேர்த்து வழக்குப் பதியச் சொல்லி வற்புறுத்த வேண்டும்.

வக்கீலுக்குக் காசு? இங்கேதான் நம் சனத்துக்குத் தெரியாத பெரிய விஷயம் இருக்கிறது. 1987-ஆம் வருஷத்து சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவி பெற உரிமை தருகிறது. வருமான வரம்பு கிடையாது. சாதிச் சான்றிதழ் போதும். எந்தச் சாதியாக இருந்தாலும் பெண்களுக்கும் அந்த உரிமை உண்டு. கட்டாய உழைப்புக்கும் ஆள் கடத்தலுக்கும் ஆளானவர்களுக்கும் உண்டு. வக்கீல் கட்டணம், கோர்ட்டுக் கட்டணம், நகல் செலவு எல்லாம் அரசுடையது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள வேண்டியது அவர்கள் கடமை. தாலுகா அளவில் பண்ருட்டியிலேயே கேட்கலாம், மாவட்ட ஆணையம் கடலூரில். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இது பிச்சை அல்ல. அரசியல் சட்டத்தின் 39-ஏ பிரிவு அரசுக்கு இட்ட கடமை.

அங்கே மாட்டிக்கொண்டவருக்கும் வழி இருக்கிறது. பாஸ்போர்ட் முதலாளியின் சொத்தல்ல. 1967-ஆம் வருஷத்துச் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. அதைப் பிடுங்கி வைத்தால் தூதரகத்தில் புகார் கொடுக்கலாம். 2009-இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி ஒவ்வொரு தூதரகத்திலும் இருக்கிறது. கதியற்றவருக்குத் தங்குமிடம், ஊர் திரும்ப டிக்கெட், வக்கீல் உதவி, செத்தால் உடலைக் கொண்டுவரும் செலவு இவற்றை அதிலிருந்து கேட்கலாம். அம்மா இங்கிருந்தே 'மதத்' தளத்தில் பதியலாம். சென்னையில் தமிழக அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கும் எழுதலாம். போகும் முன்பே அரசு வழியாகப் போக விரும்பினால், 1978 முதல் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது.

மாணவத் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "இதெல்லாம் படிக்காதவங்க பிரச்சினை" என்று நினைக்காதீர்கள். பத்தாவது தேறியவரின் பாஸ்போர்ட்டுக்கு அந்த அனுமதி தேவையில்லை. அதாவது நீங்கள் கிளம்பும்போது ஒப்பந்தத்தைப் பார்க்க எந்த அதிகாரியும் இல்லை. 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் அடைபட்டு அடிவாங்கினார்கள். அவர்கள் படித்தவர்கள். டிகிரி ஏமாற்றைத் தடுக்காது, கையெழுத்துப் போடுமுன் கேட்கிற கேள்விதான் தடுக்கும்.

நம் மேலும் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. இரட்டைக் குவளைக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் போராடிய நாம், வெளிநாடு போவதை அவரவர் சொந்த விவகாரம் என்று விட்டுவிட்டோம். கடன்பட்டுப் போய் அடிமைப்பட்டுத் திரும்புகிறவன் நம் தெருக்காரன். அப்படியிருக்க அது எப்படிச் சொந்த விவகாரம் ஆகும்? சட்ட உதவி வக்கீல் அலட்சியமாக இருந்தால், அந்தத் தாய் தனியாகப் போனாளா, பத்துப்பேரோடு போனாளா என்பதுதான் வித்தியாசம்.

எனவே கிளைதோறும் ஒருவர் இந்தச் சட்டங்களைப் படிக்கட்டும். வாரம் ஒரு நாள், இரவுப்பாடசாலை நடக்கிற இடத்திலேயே அவர் உட்காரட்டும். போகிறவர் கையெழுத்துப் போடுமுன் ஏஜெண்டின் பதிவு எண்ணையும் ஒப்பந்தத்தையும் அவரிடம் காட்டட்டும். ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட், பணம் கொடுத்த சாட்சி என எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். 1983 சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம் கொண்டுவர 2021-லும் 2025-லும் மத்திய அரசு வரைவுகளை வெளியிட்டது. எந்தப் புதுச் சட்டம் வந்தாலும், அம்மாவே வழக்குப் போடும் உரிமை அதில் குறையாமல் இருக்க வேண்டும் என்று நாம் குரல் கொடுக்க வேண்டும்.

அண்ணல் நமக்குச் சட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் படித்துச் சொல்கிற வேலை நம்முடையது. அடுத்த தடவை அந்தத் தாய் பிளாஸ்டிக் பையோடு வரும்போது, "மனு எழுதிப் போடுங்கம்மா" என்று அனுப்பிவிடாதீர்கள். "வாங்கம்மா, கோர்ட்டுக்குப் போவலாம்" என்று கூடவே கிளம்புங்கள். பண்ருட்டி கோர்ட்டு ரொம்ப தூரமில்லை.