வயல் இல்லாத ஏரிக்கு உரம்

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் வயல்களே மறைந்துவிட்டன. பிறகு ஏரிக்கு உரம் எங்கிருந்து வரும், டப்பாவில் உரம் கலந்து நீர்ச்செடி வளர்க்கும் பள்ளிச் சோதனைக்கும் ஏரியை மூடும் ஆகாயத்தாமரைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வாதிடுகிறார்கள்.

சம்பந்தம் நேரடியானது. சிறுநீரில் உள்ள யூரியாவும் மூட்டையில் விற்கும் யூரியாவும் ஒரே சேர்மம்தான். மலத்திலும் சலவைத்தூளிலும் பாஸ்பரஸ் வருகிறது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்காகப் போனது. அங்கே உரமிட உழவர் யாரும் தேவைப்படவில்லை.

சோதனை சிறியது என்பதும் சொத்தை வாதம். கனடாவின் ஒன்டாரியோவில் 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் குழு, 226 என்று எண்ணிட்ட ஏரியையே திரை போட்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குக் கார்பனும் நைட்ரஜனும். மறுபாதிக்கு அவற்றோடு பாஸ்பரசும். பாஸ்பரஸ் விழுந்த பாதி பாசி பூத்துப் பச்சையானது.

உரம் மிகுந்தால் செடியே சாகுமே என்பார்கள். உண்மைதான். லெம்னா போன்ற மிதக்கும் செடிகளை வெவ்வேறு செறிவுகளில் வளர்த்தால் ஒரு கட்டம் வரை பெருகும், பிறகு தேங்கும், மிக அடர்ந்த கரைசலில் அமோனியாவும் உப்பும் வாட்டும். ஆனால் அந்த அளவு அமோனியா வருவதற்கு வெகு முன்பே மீன்கள் செத்து மிதக்கும்!

ஆகாயத்தாமரையை இயந்திரம் விட்டு வாருவது தவறில்லை. கழிவுநீரை வரத்துக் கால்வாயிலேயே தடுக்காமல் வாருவதுதான் வீண்வேலை. அது இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகக்கூடியது. வாரியதைக் கரையிலேயே குவித்தால், அழுகி, உறிஞ்சிய சத்து அடுத்த மழையில் ஏரிக்குள்ளேயே இறங்கும்.