எடுத்துச் சொல்லுவதற்கும் ஒரு படிப்பா?

விஞ்ஞானத்தைக் கற்பதற்குக் கலாசாலை இருப்பது போலவே, அதைப் பாமர ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லும் முறையைக் கற்பதற்கும் எம்.எஸ்சி. படிப்பு உண்டு. லண்டன் இம்பீரியல் காலேஜ் 1991-ம் ஆண்டில் இப்படிப்பை ஆரம்பித்தது. பத்திரிகைக்கு எழுதுவது, ரேடியோவில் பேசுவது, காட்சிசாலையில் விளக்கி வைப்பது ஆகியவற்றோடு, ஓர் ஆராய்ச்சி முடிவு எப்படி உண்டாகிறது, அதற்குப் பணம் கொடுப்பவர் யார், ஜனங்கள் அதை ஏன் நம்புகிறார்கள் அல்லது நம்ப மறுக்கிறார்கள் என்பவைகளும் இத்துறையின் விஷயங்களாகும். இதைக் கேட்டவுடன், "விஷயம் தெரிந்தவனுக்குச் சொல்லத் தெரியாதா? வாய் பேசுவதற்குமா பட்டம்?" என்று சிலர் பரிகாசம் செய்யக்கூடும்.

அவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். விஷயம் தெரிந்தவர்கள் எல்லாம் அதை ஒழுங்காய்ச் சொல்லியிருந்தால், நமது நாட்டில் சயன்ஸ் பட்டதாரிகள் பெருகிய அளவுக்கு மூடநம்பிக்கை குறைந்திருக்க வேண்டாமா? பௌதிகம் படித்தவர் ராகுகாலம் பார்த்துப் பரீட்சைக்குப் புறப்படுவதும், கிரகணத்தின் காரணத்தை வகுப்பில் சொல்லிக் கொடுத்தவர் வீட்டிற்கு வந்து தலைமுழுகுவதும் நாம் காணாத காட்சியா? படிப்பு அவர்களிடம் பரீட்சைக்காக வந்தது, பரீட்சையோடு போய்விட்டது.

எடுத்துச் சொல்லுவதால் என்ன ஆகும் என்பதற்கு மைக்கேல் பாரடேயே சாட்சி. அவர் கொல்லர் மகன். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர். 1812-ல் கடைக்கு வந்த ஒருவர் டிக்கட்டுக் கொடுத்ததால், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி செய்த பிரசங்கங்களைக் கேட்டார். கேட்டதை எழுதி, பைண்டு செய்து, டேவிக்கே அனுப்பினார். 1813-ல் அங்கேயே உதவியாளராய்ச் சேர்ந்தார். 1831-ல் அவர் கண்டுபிடித்த காந்தத் தத்துவத்தைக் கொண்டே நீர்வீழ்ச்சியிலும் நிலக்கரியிலும் மின்சாரம் எடுக்கப்படுகின்றது. அந்தப் பிரசங்க மண்டபத்தின் கதவு அவருக்கு மூடியிருந்தால் நஷ்டம் யாருக்கு? "கொல்லர் மகனுக்கு இது எதற்கு" என்று சொல்லும் நாட்டில் எத்தனை பாரடேக்கள் துருத்தி ஊதியே மாண்டிருப்பார்கள்!

நிற்க, எடுத்துச் சொல்லுவது என்றால் மேலே நின்று உபதேசம் செய்வதல்ல. இங்கிலாந்தில் மாடுகளுக்கு மூளை நோய் பரவிய காலத்தில், 1990-ல் விவசாய மந்திரி ஜான் கம்மர் காமிராக்களின் முன்னால் தம் சிறு பெண்ணுக்கு மாட்டிறைச்சி பர்கர் ஊட்ட முயன்று, பயமில்லை என்று காட்டினார். 1996-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், மனிதருக்கு வந்த புதுவித மூளை நோய்க்கு அந்த மாட்டு நோயே காரணமாயிருக்கக்கூடும் என்று அதே சர்க்கார் பார்லிமெண்டில் சொல்ல நேர்ந்தது. பிறகு ஜனங்களுக்கு நம்பிக்கை எப்படி வரும்? 2000-ல் பிரபுக்கள் சபைக் கமிட்டி இந்த அவநம்பிக்கையை ஒப்புக்கொண்டு, ஜனங்களுக்குப் பாடம் சொன்னால் மட்டும் போதாது, அவர்களோடு கலந்து பேசவேண்டும் என்று கூறிற்று.

"ரிஷி சொன்னார், நம்பு" என்பதற்கும் "நிபுணர் சொன்னார், நம்பு" என்பதற்கும் நம்புகிறவனைப் பொறுத்தவரை பேதமில்லை. நிபுணருடைய பெருமை, "காரணம் கேள், சோதித்துப் பார்" என்று அவரால் சொல்ல முடியும் என்பதில்தான் இருக்கிறது.

1995-ம் வருஷம் செப்டம்பர் 21-ந் தேதி பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று இந்தியா முழுவதும் கூட்டம் கூடிற்று. டில்லியில் சர்க்கார் விஞ்ஞானிகள் யாரையும் வையவில்லை. பாலில் சாயம் கலந்து கரண்டியில் பிடித்தார்கள். பரப்பு இழுவிசையால் கரண்டியை விட்டு வந்த பால் கல்லின் மேல் மெல்லிதாய் வழிவது கண்ணுக்குத் தெரிந்தது. ஆயிரம் கண்டனத் தீர்மானங்களைவிட ஒரு துளி சாயம் அதிக வேலை செய்தது. இதுதான் நாம் சொல்லும் படிப்பின் சாரம். ஆனால் வதந்தி காலையிலேயே ஊர் ஊராய்ப் போய்விட்டது. விளக்கமோ பின்னால் போயிற்று. ஒவ்வொரு ஊரிலும் அன்றைக்கே சாயம் கலந்து காட்ட ஓர் ஆள் இருந்திருந்தால்?

விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதியாயிற்று. கடமையை ஏட்டில் எழுதிவிட்டு, அதைச் செய்யத் தெரிந்த ஆட்களைத் தயார் செய்யாமலிருந்தால் யாருக்குப் பயன்? ஆகவே, சயன்ஸ் படித்த நமது ஆண்களும், முக்கியமாய்ப் பெண்களும், இம்மேற்படிப்புக்குத் துணிந்து வரவேண்டும். தமிழில் இதைக் கற்பிக்கவும், ஏழைப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் இடம் கொடுக்கவும் சர்வகலாசாலைகள் முன்வர வேண்டும். அப்படிப் பட்டம் பெற்று வருகிறவரை நமது தோழர்கள் இங்கிலீஷில் பரீட்சிக்க வேண்டாம். சந்தைக்கு அழைத்துப் போய் நான்கு பேர் நடுவில் நிறுத்தட்டும். அங்கே குறுக்குக் கேள்வி கேட்பவனிடம் கோபப்படாமல் காரணம் சொல்லுகிறவரே அந்தப் பட்டத்துக்கு யோக்கியதை உடையவர் என்பது நமது அபிப்பிராயம்.